மிகைப் பணவீக்க நோட்டு ஆல்பம்: எண்ணை விட்டுத் தேதியைப் பார்க்க வேண்டிய தொகுப்பு

பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் இணையத்தில் விற்கும் ஒருவரிடமிருந்து பதினொரு நோட்டுகள் கொண்ட ஆல்பம் ஒன்றை வாங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஜெர்மனி, ஹங்கேரி, யூகோஸ்லாவியா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளில் மிகைப் பணவீக்கம் உச்சத்தில் இருந்த காலத்து நோட்டுகள் இதில் இருக்கின்றன. நோட்டுகள் அனைத்தும் அசல். மடிப்பு, கறை, கிழிசல் பற்றி விற்பவர் எழுதியிருந்தவையும் உண்மையாகவே இருந்தன. நோட்டுகளின் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவற்றை அடுக்கியிருக்கும் முறையிலும், உடன் வரும் விளக்க அட்டையிலும், நோட்டுகளைச் செருகியிருக்கும் பிளாஸ்டிக் உறையிலும்தான் குறை இருக்கிறது. அந்தக் குறைகளையும் மீறி இந்தத் தொகுப்பு எதற்காக வாங்கத் தகுந்தது என்பதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அடுக்குமுறை. ஆல்பத்தைத் திறந்தவுடன் ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் டாலர் நோட்டு வருகிறது. கடைசிப் பக்கத்தில் ஜெர்மனியின் 1,000 மார்க் நோட்டு இருக்கிறது. பார்ப்பவரை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்பதற்காகப் பெரிய எண்ணைக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பணத்தாளின் வாங்கும் சக்தி எப்படிக் கரைகிறது என்பதை எண்கள் தனியாக நின்று சொல்வதில்லை. ஒரு நோட்டின் தேதிக்கும் அடுத்த நோட்டின் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் கழிந்தது, அந்த நாள்களுக்குள் எத்தனை சுழியங்கள் கூடின என்பதைப் பார்த்தால்தான் அது விளங்கும். எனவே முதல் வாரத்திலேயே எல்லா நோட்டுகளையும் வெளியே எடுத்து, நாடுவாரியாகவும் தேதிவாரியாகவும் மாற்றி அடுக்கினேன். அதன் பிறகு இது வேறொரு ஆல்பமாகவே ஆகிவிட்டது.

ஜெர்மனியின் 1,000 மார்க் நோட்டிலிருந்து தொடங்குகிறேன். அதில் 21 ஏப்ரல் 1910 என்ற தேதியும், இந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு அவர் யார் என்று விசாரிக்காமல் பெர்லினில் உள்ள, ஜெர்மனியின் அன்றைய மைய வங்கியான ரைக்ஸ்பாங்கின் தலைமைக் கருவூலம் ஆயிரம் மார்க் தரும் என்ற உறுதிமொழியும் அச்சாகியிருக்கின்றன. 1914-க்கு முன்பு ஒரு மார்க் என்பது ஏறத்தாழ 0.358 கிராம் தங்கம். ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க் என்ற கணக்கில் இந்த ஒரு தாள் சுமார் 238 டாலருக்கு ஈடாக நின்றது. அந்த உறுதிமொழி அன்று பொருளுள்ளதாக இருந்தது. போர் மூண்டதும், 1914 ஆகஸ்டில், நோட்டைத் தங்கமாக மாற்றித் தரும் கடமையை ரைக்ஸ்பாங்க் நிறுத்திவிட்டது. ஆனால் தாளில் இருந்த வாசகம் மாறவில்லை.

எனக்கு வந்த பிரதியில் உள்ள முத்திரை பச்சை நிறம். சிவப்பு முத்திரை உள்ளவை பழையவை. பச்சை முத்திரை உள்ளவை 1918-க்குப் பிறகு அச்சடிக்கப்பட்டவை. அதாவது தேதி 1910 என்றே நிற்க, அதே அச்சுத் தட்டைக் கொண்டு போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் இதே நோட்டை அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். தேதியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் நானே இந்த ஒரு நோட்டில் தேதியை நம்பக் கூடாது, முத்திரையின் நிறத்தைத்தான் நம்ப வேண்டும். ஒரே உறுதிமொழி, ஒரே தேதி, ஒரே சித்திர வேலைப்பாடு. ஆனால் சிவப்பு முத்திரையோடு வெளிவந்த நாளில் ஒருவர் வாங்கிய பொருளைப் பச்சை முத்திரைக் காலத்தில் அதே தாளைக் கொடுத்து வாங்க முடியவில்லை. விளக்க அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய இழப்பு.

அடுத்த நோட்டும் 1,000 மார்க்தான். தேதி 15 டிசம்பர் 1922. ஆனால் அதன் மேல் சிவப்பு மையில் 'ஒரு மில்லியார்ட் மார்க்', அதாவது நூறு கோடி மார்க், என்று 1923-இல் மேலச்சு செய்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு எழுத்துகளை உருப்பெருக்கியில் பார்த்தால் கீழே இருக்கும் நுண்ணிய கோட்டு வேலையை அவை அப்படியே மறைத்துக்கொண்டு செல்வது தெரிகிறது. யாரோ ஒரு செதுக்குக் கலைஞர் பொறுமையாக உருவாக்கிய கோடுகள் அவை. அவர் வேலையை முடித்து, தாள் அச்சாகி வந்த நேரத்தில் ஆயிரம் மார்க்குக்கு மதிப்பே இல்லாமல் போயிருந்தது. எனவே அதே தாளைப் பத்து லட்சம் மடங்கு உயர்த்தி வெளியிட்டார்கள். மூன்றாவது, 1923 அக்டோபர் தேதியிட்ட 50 மில்லியார்ட் மார்க், அதாவது 5,000 கோடி. இதைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறும் வெள்ளை. இரண்டு பக்கமும் அச்சடிக்கும் நேரம்கூட மிஞ்சவில்லை. அரசின் அச்சகம் போதாமல் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்கள் அந்த ஆண்டில் இரவும் பகலும் நோட்டு அடித்தன.

1923 நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வெளிவந்தது. பழைய மார்க்கில் ஒரு லட்சம் கோடி, புதியதில் ஒன்று. டாலர் ஒன்றுக்கு 4.2 லட்சம் கோடி பழைய மார்க் என்று மாற்று விகிதம் நிலைபெற்றது. அந்தக் கணக்கில் என் ஆல்பத்தில் உள்ள 5,000 கோடி மார்க் நோட்டு ஐந்து ரென்டன்பெனிக் (ரென்டன்மார்க்கில் நூற்றில் ஒரு பங்கு ஒரு பெனிக்). சிவப்பு மேலச்சு போட்ட நூறு கோடி மார்க் நோட்டு ஒரு பெனிக்கில் பத்தில் ஒரு பங்கு. 1910 நோட்டோ ரென்டன்மார்க்கில் நூறு கோடியில் ஒரு பங்கு. தங்கத்துக்கு ஈடாக நின்ற ஆயிரம் மார்க்கை நம்பிச் சேமித்து வைத்த விதவையும், ஓய்வூதியரும், போர்க் கடன் பத்திரம் வாங்கிய குடிமகனும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறார்கள். அதே நேரத்தில் நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தவர், அந்தக் கடனை ஒரு கைப்பிடி தாளைக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். வாங்கும் சக்தி கரைந்துபோகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பெரும்பங்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஓசையின்றி மாறுகிறது என்பதை இந்த மூன்று தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

இந்த இடத்தில் அட்டை தரும் ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிட வேண்டும். பிலிப் கேகன் என்ற பொருளியலாளர் 1956-இல் வகுத்த வரையறையை அது எடுத்துக்காட்டுகிறது: ஒரு மாதத்தில் விலைகள் 50 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால் மிகைப் பணவீக்கம் தொடங்கிவிட்டதாகக் கொள்ளலாம். ஆனால் அந்த 50 சதவீதம் என்னவெல்லாம் செய்யும் என்பதை அட்டை விளக்கவில்லை. கையில் உள்ள நூறு, ஒரு மாதம் கழித்து 67 வாங்குவதைத்தான் வாங்கும். இரண்டு மாதத்தில் 44. ஆறு மாதத்தில் 9-க்கும் குறைவு. ஓராண்டு முடிவில் ஒன்றுகூட இல்லை, முக்கால் மட்டுமே. விலைகள் ஏறத்தாழ 130 மடங்காகிவிடும். இது தொடக்க நிலை மட்டுமே. ஆல்பத்தில் உள்ள நாடுகள் எல்லாம் இந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போனவை.

இப்படிப் போவதற்கு அச்சு இயந்திரம் மட்டும் காரணமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படிப்பவருக்கு விளங்கும். அரசின் செலவு வரியாலும் கடனாலும் ஈடுகட்ட முடியாத அளவுக்குப் போகும்போது மைய வங்கி புதுப் பணம் அடித்துக் கொடுக்கிறது. விலை ஏறுகிறது. ஏறும் என்று தெரிந்தவுடன் மக்கள் கையில் பணத்தை வைத்திருக்க மறுக்கிறார்கள். கிடைத்த மணி நேரத்துக்குள்ளேயே பொருளாக மாற்றுகிறார்கள். ஒரே நோட்டு ஒரு நாளில் பல கை மாறுவதால், அச்சடித்த அளவைவிட விலை வேகமாக ஏறுகிறது. இன்று விதித்த வரி அடுத்த மாதம் வந்து சேரும்போது அதற்குள் அது செல்லாக்காசாகிவிடுவதால் பற்றாக்குறை இன்னும் பெருகி, இன்னும் அச்சடிக்க வேண்டியிருக்கிறது. விலை நோட்டை முந்திக்கொண்டு ஓடுவதால், எங்கும் தாள் குவிந்து கிடக்கும்போதே பணத்தட்டுப்பாடு வருகிறது. சம்பளம் கொடுக்க நோட்டு இல்லை என்று தொழிற்சாலைகள் முறையிடுகின்றன. அந்த முறையீட்டைக் கேட்டு வங்கி மேலும் அடிக்கிறது. ரைக்ஸ்பாங்கின் தலைவர் ருடால்ஃப் ஹாவன்ஸ்டைன், தேவைக்கு ஏற்ற அளவு நோட்டு தருவது தம் கடமை என்றே நம்பினார். ரென்டன்மார்க் வெளிவந்த ஐந்து நாள்களில், 1923 நவம்பர் 20 அன்று, அவர் இறந்துபோனார்.

ஹங்கேரிப் பக்கம்தான் ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று நோட்டுகளிலும் தலையில் துணி கட்டிய ஒரே பெண், ஒரே சட்டம், ஒரே எழுத்து அமைப்பு. நிறம் மட்டும் வேறு. முதலாவது பத்துக் கோடி பெங்கோ (ஹங்கேரியின் அன்றைய பணம்), தேதி 18 மார்ச் 1946. இரண்டாவது பத்துக் கோடி மில்பெங்கோ. மில்பெங்கோ என்றால் பத்து லட்சம் பெங்கோ. மூன்றாவது பத்துக் கோடி பி-பெங்கோ. இந்தப் 'பி' ஒரு லட்சம் கோடியைக் குறிக்கிறது. பின்னிரண்டு நோட்டுகளின் தேதியும் 3 ஜூன் 1946. புதிய படம் வரையவோ நீளமான எண்ணைத் தாளில் அடக்கவோ நேரம் இல்லாததால், பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிச் சுழியங்களை மறைத்துவிட்டார்கள். மார்ச் நோட்டுக்கும் ஜூன் மாதப் பி-பெங்கோவுக்கும் இடையில் பதினோரு வாரங்கள். மதிப்பின் பெயரில் ஒரு லட்சம் கோடி மடங்கு.

இங்கேதான் அட்டை பெரிய தவறு செய்கிறது. 'பி' என்பதை நூறு கோடி என்று எடுத்துக்கொண்டு, அந்த நோட்டை ஆயிரம் மடங்கு குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பில்லியன் என்றால் இன்று நூறு கோடி. ஹங்கேரியிலும் ஜெர்மனியிலும் அதே ஒலியுள்ள சொல் லட்சம் கோடியைக் குறிக்கும். நூறு கோடிக்கு அங்கே மில்லியார்ட் என்று தனிச் சொல் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் இத்தகைய தொகுப்பை யாரும் விற்கக் கூடாது. நமக்கு லட்சம், கோடி என்ற கணக்கு பழகியிருப்பது இங்கே பேருதவி: பத்துக் கோடி பி-பெங்கோ என்பது பத்து லட்சம் கோடி கோடி பெங்கோ. மக்கள் கைக்கு வந்த நோட்டுகளில் உலகிலேயே மிகப் பெரிய எண்ணுள்ளது இதுதான். இதைவிடப் பத்து மடங்கு பெரிய ஒன்று அச்சாகி வெளியிடப்படாமலேயே நின்றுவிட்டது.

1946 ஜூலையில் ஹங்கேரியில் விலைகள் சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தன. காலையில் வாங்கிய கூலி மறுநாள் காலையில் மூன்றில் ஒரு பங்கு பொருளையே வாங்கும். ஒரு வாரம் வைத்திருந்தால் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 1946 ஆகஸ்ட் 1 அன்று ஃபோரின்ட் என்ற புதிய பணம் வந்தபோது, ஒரு ஃபோரின்ட்டுக்கு ஈடாக இந்த மிகப் பெரிய நோட்டு 400 கோடி எண்ணிக்கையில் தேவைப்பட்டிருக்கும். ஜூன் 3-ஆம் தேதியிட்ட தாள் அது. இடையில் 59 நாள்கள். அந்தப் பெண்ணின் முகத்தை மூன்று நிறங்களிலும் அடுத்தடுத்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகபாவம் மாறவே இல்லை.

யூகோஸ்லாவியாவுக்கு இரண்டு நோட்டுகள். நிக்கோலா டெஸ்லாவின் படம் உள்ள 1,000 கோடி தினாரும், கவிஞர் யோவான் யோவானோவிச் ஸ்மாயின் படம் உள்ள 50,000 கோடி தினாரும், இரண்டும் 1993. நாடு உடைந்த போர், அதற்கான செலவு, ஐ.நா. தடை எல்லாம் சேர்ந்து 1994 ஜனவரியில் மாதப் பணவீக்கம் 31 கோடி சதவீதத்தைத் தாண்டியது. அதே மாதம் 24-ஆம் தேதி, அப்போதைய ஜெர்மன் மார்க்குக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்ட புதிய தினார் வந்து அதை நிறுத்தியது. அட்டையில் இந்தப் பகுதி சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஜிம்பாப்வேயின் மூன்று நோட்டுகளில் பலரும் 100 டிரில்லியன் நோட்டைத்தான் கேட்கிறார்கள்; எனக்கு அதற்கு முந்தையதுதான் முக்கியம். அது 10,000 கோடி டாலருக்கான 'வேளாண் காசோலை'. ஜூலை 2008-இல் மைய வங்கி வெளியிட்டது. அதில் 31 டிசம்பர் 2008-க்குள் அல்லது அன்று கொண்டுவருபவருக்குப் பணம் தரப்படும் என்று அச்சாகியிருக்கிறது. மருந்துக்கும் பால் பாக்கெட்டுக்கும் போடுவதைப் போலப் பணத்துக்குக் காலாவதித் தேதி. எந்த நோட்டும் ஓர் உறுதிமொழிதான்; அந்த உறுதிமொழிக்கு ஆறு மாதமே ஆயுள் என்று வெளியிட்டவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆறு மாதமும் அதற்கு வாய்க்கவில்லை. 2008 ஆகஸ்ட் 1 அன்று பணத்திலிருந்து பத்துச் சுழியங்களை வெட்டியபோது இந்த 10,000 கோடி, புதிய கணக்கில் வெறும் பத்து டாலராயிற்று.

அதே ஆண்டு ஜூலையில், நோட்டுக்கான தாளைக் கொடுத்துவந்த மியூனிக்கின் கீஸெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம், ஜெர்மன் அரசு கேட்டுக்கொண்டதால் விநியோகத்தை நிறுத்தியது. நவம்பர் நடுவில் விலைகள் சுமார் 24.7 மணி நேரத்தில் இரட்டித்தன என்று பொருளியலாளர் ஸ்டீவ் ஹான்கேயும் அவரோடு ஆய்வு செய்த அலெக்ஸ் க்வாக்கும் கணித்திருக்கிறார்கள். 1980-இல் அமெரிக்க டாலரைவிட உயர்ந்த மதிப்போடு பிறந்த பணம் அது.

100 டிரில்லியன் நோட்டு, நம் கணக்கில் ஒரு கோடி கோடி, 2009 ஜனவரியில் வெளிவந்தது. ஒன்றன் மேல் ஒன்றாகச் சமநிலையில் நிற்கும் பாறைகள் முன்பக்கத்தில். விக்டோரியா அருவியும் காட்டெருமையும் பின்பக்கத்தில். தாள் நன்றாக இருக்கிறது, நீர்க்குறி தெளிவு, சாய்த்தால் நிறம் மாறும் பறவைச் சின்னம் இன்றும் மின்னுகிறது. கள்ள நோட்டைத் தடுக்க இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆனால் 2009 பிப்ரவரி 2 அன்று மேலும் பன்னிரண்டு சுழியங்களை நீக்கியபோது இது புதிய 100 டாலருக்குச் சமமாயிற்று. அந்த 2009-ஆம் ஆண்டு 100 டாலர் நோட்டும் ஆல்பத்தில் இருக்கிறது; அதே பாறைகள். இரண்டையும் ஒரே உறையில் எதிரெதிராக வைத்திருக்கிறேன். சில வாரங்களுக்குள் அந்தப் புதிய நோட்டையும் யாரும் வாங்கவில்லை. அமெரிக்க டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் கடைகளில் நின்றன. 2015-இல் பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றபோது, 250 டிரில்லியனுக்கு ஒரு அமெரிக்க டாலர் தரப்பட்டது. இந்த நோட்டுக்கு 40 சென்ட். இன்று சேகரிப்பாளர்கள் அதைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். பணமாக இருந்து இழந்ததைப் பண்டமாக மாறிய பிறகு ஓரளவு மீட்டிருக்கிறது; ஆனால் அந்த மீட்பு, 2009-இல் அதைக் கூலியாக வாங்கியவருக்குப் போய்ச் சேரவில்லை.

உறையைப் பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கம்தான். பிவிசி உறைகளைக் கொடுத்திருக்கிறார்கள்; ஆல்பத்தைத் திறந்ததும் வரும் கடுமையான வாடையே அதைச் சொல்லிவிடுகிறது. நாளடைவில் அவற்றிலிருந்து கசியும் இளக்கிப் பொருள் தாளில் ஒட்டி மையைக் கெடுக்கும். ஜெர்மன் நோட்டுகளின் தாள் ஏற்கனவே நலிந்தது. வாங்குபவர்கள் முதல் நாளிலேயே பாலியெஸ்டர் உறைக்கு மாற்றிவிட வேண்டும். விற்பவர் இதைத் தாமே செய்திருக்க வேண்டும்.

பொருளியல் கற்பிப்பவர்களுக்கும், பணம் எப்படித் தன் வேலையைச் செய்யாமல் போகிறது என்று கையில் பிடித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கும் இந்தத் தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்; அலங்காரத்துக்கு ஒரு பெரிய எண் வேண்டும் என்பவர்களுக்கு 100 டிரில்லியன் நோட்டு ஒன்றே போதும். பி-பெங்கோ தவறைப் பற்றி விற்பவருக்கு இரண்டு முறை எழுதினேன். இதுவரை திருத்திய அட்டை வரவில்லை. ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே அது வெளிவந்த தேதி, அது மதிப்பிழந்த தேதி, இடையில் எத்தனை நாள் என்று மூன்று வரிகளில் நானே ஓர் அட்டை எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன். 1910 என்று அச்சாகியிருக்கும் பச்சை முத்திரை நோட்டுக்கு மட்டும் முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.